நாலு மணி நிழல்

ஜெயபாலன் வீட்டுப் பின்கட்டில் நின்ற ரம்புத்தான் மரம் ஒரு நாளும் காய்த்ததில்லை. பூப்பதில் மட்டும் குறை வைக்காது. பூக்கிற மாதத்தில் மரம் முழுக்கத் தேனீ இரையும். அப்புறம் அத்தனையும் உதிர்ந்து சமையற்கட்டு வாசல் வரைக்கும் பழுப்புத் தூளாகக் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளுவதுதான் அந்த மரத்தால் அவருக்குக் கிடைத்த வரும்படி. கொட்டை போட்டு முளைக்கிற ரம்புத்தானில் பாதிக்குப் பாதி ஆணாகப் போய்விடும். இது ஆண். "இத வெச்சிக்கிட்டு என்னாண்ணே செய்யப்போறீங்க, வெட்டிப் போட்டுட்டு ஒரு ஒட்டு மரம் வைங்க" என்று மேட்டுத் தோட்டத்தில் சொல்லாதவர் கிடையாது. அப்படிச் சொன்னவர்கள் பாதிப் பேர் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள். மீதிப் பேர் இன்னும் தூரமாகப் போய்விட்டார்கள்.

தோட்டம் என்பது இப்போது வாய்வழக்குதான். ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டைத் தாண்டி உள்ளே போகிற சாலையில் முதலில் பால்மரம் இருந்தது. அதை அழித்துச் செம்பனை வைத்தார்கள். அதையும் அழித்துவிட்டு இரண்டு வருடம் லாலான் புல் வளர்த்தார்கள். இப்போது கண்ணுக்கெட்டிய தூரத்துக்குச் சோலார் தட்டுகள், முன்பு பால்மரம் நின்றது போலவே வரிசை வரிசையாக. தோட்டத்தை விற்றபோது தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் இருந்த இரண்டு ஏக்கரை மட்டும் பழைய தொழிலாளிகள் பெயரில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் நான்கு வீடுகளில்தான் விளக்கு எரிகிறது. கடைசி வீடு ஜெயபாலனுடையது. அவர் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் தட்டுகள் தொடங்கிவிடும்.

அறுபத்தேழு வயது. தோட்டத்தில் பால்மரம் சீவி, அது முடிந்ததும் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்து, ஓய்வு பெற்றவர். மனைவி மங்களம் போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் இருந்தவரை இந்த மனுசனுக்குக் கோப்பி கலக்கக்கூடத் தெரியாது. அவள் போன பிறகு முதல் வருடம் மூன்று வேளையும் ரொட்டியைத் தண்ணீர்போலக் கலந்த மைலோவில் தோய்த்துத் தின்றே ஓட்டினார். கேட்டால் "பசியில்ல" என்பார். பசியெல்லாம் இருந்தது. ஒருத்தருக்காக உலை வைக்கிற வெட்கம்தான்.

அந்த வெட்கம் போனது மகன் சுரேன் வந்த பிறகு. படிப்பு முடிந்த நாளிலிருந்து ஜொகூர், சிங்கப்பூர் என்று அலைந்தவன், இந்தச் சோலார் வேலைக்கு ஒரு கொண்டிரெக்டரிடம் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்து போன வருடம் சொந்த மாநிலமான பேராக்குக்கே திரும்பினான். தினேசு என்று அவன் கூப்பிடுகிற பெண்சாதி தினேஸ்வரியுடன் ஜெலாப்பாங்கில் வாடகை வீடு. வேலையோ அப்பா வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கம். மத்தியானம் வேலி ஓரமாகச் சுற்றி வந்து அப்பாவோடு சாப்பிடுவான். அவ்வளவுதான் சங்கதி. அந்த ஒரு சாப்பாட்டுக்காக ஜெயபாலன் காலையிலேயே பாசாருக்கு மோட்டார் சைக்கிளை எடுப்பார். செலார் மீன் வாங்கி ஆய்ந்து, புளி கரைத்து, கங்குங் கீரையை நெத்திலியோடு பிரட்டி, அப்பளம் பொரித்து வைத்துவிட்டு, பையன் தலைக்கவசம் வேலியோரம் தெரிகிறதா என்று பத்துத் தரம் எட்டிப் பார்ப்பார். அரிசி களைந்த தண்ணீரை மட்டும் சாக்கடையில் ஊற்றமாட்டார். கொண்டுபோய் ரம்புத்தான் மரத்தடியில் ஊற்றுவார். மங்களம் தினமும் செய்ததை அவரும் செய்தார்.

அன்றைக்கும் சுரேன் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அந்த வருடத்து வெயில் சாதாரண வெயிலில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் திடலில் விடக்கூடாது என்று உத்தரவே போட்டிருந்தார்கள். ஜெயபாலன் வீட்டுச் சமையற்கட்டில் மட்டும் மரத்துப் புண்ணியத்தில் மத்தியானம் வரை உட்கார முடியும். தகரக் கூரைமேல் கிளை கவிந்திருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ஆரம்பித்தான்.

"அப்பா, அந்த மரம்."

"எந்த மரம்?"

"நம்மகிட்ட எத்தன மரம்பா இருக்கு? ரம்புத்தான்தான். நாலு மணிக்கு மேல அது நெழலு வேலியத் தாண்டி விழுவுது. மூணு வரிச தட்டு படுத்துருது."

"கொஞ்ச நேரந்தானடா. அப்புறம் வெயிலே எறங்கிருது."

"அப்பிடி இல்லப்பா. ஒரு தட்டுல நெழலு பட்டா அந்த வரிசையே மட்டமாயிரும். நாலு பேரு தூக்குற பீரோவ ஒருத்தன் கைய விட்டா மத்தவனும் எறக்கித்தான வைக்கணும்? அந்த மாதிரிலா."

"யாரு வந்து பாத்தா?"

"யாரும் வரல. ஏஐ பாக்குது. எந்தத் தட்டுல எவ்ளோ கரண்டு வருதுன்னு அதுவே கணக்கு போடும். வேலி ஓரமா ஒரு ஒசந்த மரம் இருக்கு, வெட்டுங்கன்னு அதுவே எழுதி அனுப்பிருச்சி."

ஜெயபாலன் மீன் முள்ளைப் பூனைக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தார். "அவ்ளோ கரண்டும் எங்கடா போவுது? போன வாரங்கூட நம்ம லயத்துல கரண்டு இல்லாம விசிறி வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தோம்."

"இது நம்மளுக்கு இல்லப்பா. ஜொகூர்ல ஒரு டேட்டா சென்டரு. நாம இங்க லைன்ல ஊத்துறோம், அவங்க அங்க அள்ளிக்கிறாங்க."

"அள்ளி என்னா செய்றாங்க?"

"இப்ப எல்லாரும் ஃபோன்ல ஏஐகிட்டதான எல்லாத்தையும் கேக்குறாங்க? அதுக்குப் பதில் சொல்ற மெசினெல்லாம் அங்க இருக்கு. அது ராவும் பகலும் ஓடுது. ஓடுனா சூடாவும், அதுக்கு ஏர்கோன் போடணும். எல்லாத்துக்கும் கரி எரிச்சா ஒலகமே சூடாவுதுன்னுதான் வெயில்லேருந்து எடுக்கச் சொல்றாங்க. நல்ல விசயந்தான்பா."

"நல்ல விசயந்தான். மெசினுக்கு ஏர்கோன் போட என் வீட்டு நெழல வெட்டணும்."

சுரேன் சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, "மரத்த விட்டுரு" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

அடுத்த வாரம் கொண்டிரெக்டர் மிஸ்டர் லோ சுரேனைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்தார். நல்ல மனிதர். கையில் ஒரு டின் பிஸ்கட். "பாச்சிக், இந்த மரத்துல புவா, பழம் இல்லதானே?" என்று மலாயும் அவருக்குத் தெரிந்த நாலு வார்த்தைத் தமிழும் கலந்து கேட்டார். இதற்குப் பதிலாக வாசல் பக்கம் மூன்று ஒட்டு மரம் தானே வைத்துத் தருவதாகவும், இரண்டே வருடத்தில் காய்க்கும் என்றும் சொன்னார். ஜெயபாலன் அவருக்குக் கோப்பி கலந்து கொடுத்தார். வானிலை பேசினார். மரத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார், இல்லை என்கிற பக்கமாக. மிஸ்டர் லோ போனபின் சுரேன் முகம் கறுத்துப்போயிருந்தது.

"ஏன்பா இப்பிடி சூசா பண்ணி மல்லுக்கு நிக்கிறீங்க? காய்க்காத மரம்பா அது. காரணமாச்சும் சொல்லுங்க."

"ஒங்கம்மா வெச்சிருந்த மரம்டா."

"அம்மா கறிவேப்பில வெச்சாங்க, வாழ வெச்சாங்க, எல்லாந்தான் செத்துப்போச்சி. அதுக்கெல்லாம் நீங்க இப்பிடி நிக்கலியே."

ஜெயபாலன் கோப்பிக் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மங்களம் வைத்த மரமே இல்லை அது. அவர் வைத்தது.

சுரேன் மறுநாள் சாப்பிட வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வேலை அதிகம் என்று தகவல் மட்டும் வந்தது. ஜெயபாலன் சமைத்ததை இரண்டு வீடு தள்ளியிருந்த ரோசம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ரோசம்மாவும் அவள் புருசன் அந்தோணிமுத்துவும் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்து முப்பது வருடம் இருக்கும். மங்களத்தை அக்கா என்று கூப்பிட்டவள்.

"மரத்தக் கேக்குறாங்களாமே" என்றாள் ரோசம்மா, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு.

"ஆமா."

"மங்களம் அக்கா அதுல ஒரு துணிக்கயிறு கட்டக்கூட விடமாட்டாங்க. நான் ஒரு தடவ கேட்டேன், என்னாக்கா சாமி மரமான்னு. ஒன்னும் சொல்லல. கண்ணு கலங்கிருச்சி. அப்புறம் நான் கேக்கல." கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "மரம் பெருசுதான் அண்ணே. ஆனா புள்ள வந்து ஒருவாய் சாப்புடுறது அதவிடப் பெருசு. இங்க பாருங்க, என் பையன் ஐவன் அஸ்திரேலியாவுல. கிறிஸ்மசுக்கு கேக்கு வெட்டுறத ஃபோன்ல காட்டுறான்."

ஒரு நாள் சாயங்காலம் தினேஸ்வரி வந்தாள். தனியாக, ஜெலாப்பாங்கிலிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு. ஐந்தாம் மாதம். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. வந்தவள் மாமனாரை உட்காரவைத்துவிட்டுத் தானே தேத்தண்ணீர் போட்டாள்.

"மாமா, அவரு ஒங்ககிட்ட சொல்லமாட்டாரு. நான் சொல்றேன். மிஸ்டர் லோ அவரத் திட்டல. ஆனா ஒன்னு சொல்லிட்டாரு. ஒங்கப்பன் வீட்டு மரத்தையே ஒன்னால பேசி முடிக்க முடியல, நீ என்னா சைட்டப் பாக்குறேன்னு. கோலா கங்சார் சைட்லேருந்து வேற ஆளக் கொண்டாந்துருவாராம். இவரு திரும்ப ஜொகூருக்குத்தான் போவணும். நான் புள்ளைய இங்க பெத்துக்கணும்னு ஆசப்பட்டேன் மாமா. நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு ஒரு தைரியம்."

ஜெயபாலன் அவள் வயிற்றைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். காரணம் நாக்கு நுனி வரை வந்தது. மாசமாக இருக்கிற பெண் காதில் அதைப் போடக்கூடாது. அவருடைய மாமியார் காலத்திலிருந்து லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த கட்டு அது. பிறந்து தங்காத பிள்ளையைப் பற்றி, வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டில் மூச்சு விடக்கூடாது. மகனிடம் சொன்னால் மகன் அவளிடம் சொல்வான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெண்சாதியிடம் எதை மறைக்கிறார்கள்?

"யோசிச்சிச் சொல்றேம்மா" என்றார். "நீ மெதுவா ஓட்டிப் போ."

அந்த வாரம் சுரேனை ஏதோ பயிற்சிக்கு ஜொகூருக்கு அனுப்பினார்கள். போகிறதற்கு முன் வந்தான். கோபத்தை முகத்தில் காட்டாமல் அப்பாவின் கைத்தொலைபேசியை வாங்கி எதையோ ஏற்றினான். "இந்தப் பட்டன அமுக்கிட்டுப் பேசுங்க. தமிழ்லயே பேசும். என்னா வேணுனாலும் கேளுங்க. ரசத்துக்கு உப்பு எவ்ளோன்னு கேட்டாக்கூடச் சொல்லும்." அப்பா தனியாக இருப்பாரே என்று அவனுக்குள் கிடந்து உறுத்தியிருக்கிறது. அதற்கு அவனுக்குத் தெரிந்த மருந்து அது.

முதல் நாள் ஜெயபாலன் அதைத் தொடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் பழக்கதோசத்தில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டார். எதிரே இருந்த காலித் தட்டைக் கவிழ்த்து வைத்தார். வெளியே மேகம் கட்டியிருந்தது, ஆனால் மழை இல்லை. முன்பெல்லாம் பால் வெட்டுக்குப் போகிறவனுக்கு மழை எந்த மாதம், எந்த வேளை என்று கைரேகை மாதிரித் தெரியும். இப்போது அது தன் இஷ்டத்துக்கு வருகிறது, வந்தால் ரோட்டை அரித்துக்கொண்டு போகிறது. சோறு இறங்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து, சொன்ன பட்டனை அமுக்கினார்.

"ரம்புத்தான் மரம் எத்தன வருசம் இருக்கும்?"

ஒரு பெண் குரல், வானொலியில் செய்தி வாசிப்பவர்போல, வணக்கம் சொல்லி ஆரம்பித்து மண்வளம், நீர்வளம் எல்லாம் சொன்னது. கடைசியில், "வேறு ஏதேனும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?" என்று கேட்டது.

மூன்று வருடமாக அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

"ம்மா, ஒன்னு சொல்லட்டா?" என்றார்.

"தாராளமாகச் சொல்லுங்கள்."

"எங்களுக்கு மொதல்ல ஒரு பொட்டப்புள்ள பொறந்துச்சிம்மா. நல்ல மழ. ஆத்துல வெள்ளம் வந்து பாலம் போயிருச்சி, ஆஸ்பத்திரிக்குப் போவ முடியல. லயத்துக் கெழவிதான் பாத்தாங்க. ஒரு ராத்திரி இருந்துச்சி. காலையில இல்ல. பெரியவங்க சொன்னாங்க, பேரு வைக்காத புள்ளைக்குக் கருமாதி கெடையாது, மோளம் கெடையாது, அப்பன்தான் கொண்டுபோயி வீட்டுக்குப் பின்னால வைக்கணும்னு. ஆத்தா வெளிய வந்து பாக்கக்கூடாது, அழுவக்கூடாது, அழுதா அதே புள்ள திரும்பி வந்து திரும்பிப் போவும்னாங்க. நான் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனேன். மழையில குழி நெறைய தண்ணி. ரப்பர் பால் புடிக்கிற மங்குல மொண்டு மொண்டு எறச்சிட்டுத்தான் வெச்சேன். பன்னி வந்து நோண்டிரும்னு பயந்து, பக்கத்துல மொளச்சிக் கெடந்த ரம்புத்தான் கன்னப் புடுங்கி மேல நட்டேன். அவ்ளோதாம்மா. அதுக்கப்புறம் நானும் அவளும் அதப்பத்திப் பேசுனதே இல்ல. ஒரு நாளும் பேசல. அவ அரிசி கழுவுன தண்ணிய அங்க ஊத்துவா. நான் பாப்பேன். அவ்ளோதான். இப்ப அவளும் இல்ல. தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்."

இவ்வளவையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கைத்தொலைபேசி அவர் இழப்புக்கு மிகவும் வருந்துவதாகச் சொன்னது. துக்கத்தைக் கையாள ஐந்து வழிகள் இருப்பதாகச் சொல்லி ஒவ்வொன்றாக வாசித்தது. ஜெயபாலன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது வழி, நெருங்கிய குடும்பத்தினரிடம் மனம்விட்டுப் பேசுவது. அவருக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தும் முடிந்ததும் நன்றி சொல்லி அணைத்தார்.

அணைத்த பிறகுதான் சங்கடமாகிவிட்டது. பெற்ற மகனிடம் சொல்லாததை எங்கேயோ இருக்கிற மெசினிடம் சொல்லியிருக்கிறோம். சுரேன் சொன்னது சரியென்றால் தன் பேச்சு இப்படி ஏதோ ஒரு டேட்டா சென்டருக்குப் போய்த்தான் திரும்பியிருக்கும். அதைக் கேட்டுப் பதில் சொல்வதற்கும் கரண்டு செலவாகியிருக்கும். அந்தக் கரண்டுக்காகத்தான் மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவருக்குப் புரியவில்லை. கவிழ்த்து வைத்த தட்டை எடுத்து அலமாரியில் வைத்தார். இந்த வீட்டில் இனி எப்போதும் ஒரு தட்டுதானா என்று நினைத்தார்.

செத்த மகள் எங்கேயும் போகப்போவதில்லை, இருப்பவன் போய்விடுவான். அப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். சுரேன் திரும்பி வந்த அன்றைக்குச் சொன்னார்.

"மரத்த வெட்டிக்கடா."

சுரேன் நம்பாமல் பார்த்தான்.

"ஆனா அடித் தூர நோண்டக்கூடாது. மண்ணுல கை வைக்கக்கூடாது. மண்வாரி மெசினு உள்ள வரவேகூடாது. அந்தோணிமுத்து வெட்டட்டும். தரையோட அறுத்துட்டு அப்பிடியே விட்டுரணும்."

"மிஸ்டர் லோ மருந்து அடிக்கணும்னு சொல்வாருப்பா, இல்லாட்டி துளுத்துரும்."

"துளுத்தா நான் ஒடிச்சிக்கிறேன். மருந்து வேணாம்."

"சரிப்பா." அவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். வளர்ந்து பெரியவனான பிறகு அவன் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "தேங்க்ஸ்பா. எனக்குத் தெரியும், ஒங்களுக்குக் கஷ்டம்னு."

அவனுக்கு என்ன தெரியும்? ஆனாலும் அந்தக் கையின் சூடு அவருக்கு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலையில் அந்தோணிமுத்து செயின்சாவோடு வந்தார். வேலை தெரிந்த ஆள். எடுத்ததும் அடியில் கை வைக்கவில்லை. ஏணி சாத்தி ஏறி, கூரைமேல் கவிந்த கிளைகளுக்குக் கயிறு கட்டி, ஒவ்வொன்றாக அறுத்து இறக்கினார். தட்டுப் பக்கம் ஒன்று விழுந்தால் சுரேன் தலை உருளும். கீழே நின்று கயிற்றைப் பிடித்துக் கொடுத்தது ஜெயபாலன்தான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஒரு கிளை பூ எடுத்திருந்தது. ரோசம்மா ஐஸ் போட்ட பார்லி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மரத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

அடிமரம் விழுந்தபோது தரை ஒரு தடவை அதிர்ந்தது. ஜெயபாலன் சட்டென்று குனிந்து கட்டையைச் சுற்றி மண்ணில் இரண்டு கையையும் வைத்தார், தூங்குகிற பிள்ளை சத்தத்தில் திடுக்கிட்டால் தட்டிக் கொடுப்பதுபோல. அந்தோணிமுத்து செயின்சாவை அணைத்துவிட்டு, "என்னாண்ணே, வேர் பாக்குறீங்களா?" என்றார். "ஆமா, வேர்தான்" என்றார் ஜெயபாலன்.

சாயங்காலம் சுரேன் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைத்தொலைபேசியைத் தூக்கிக் காட்டினான். "மூணு வரிசையும் ஏறிருச்சிப்பா. நூத்துக்கு நூறு." ஜெயபாலன் கையை ஆட்டினார். அப்போது மணி நாலுக்கு மேல் ஆகிவிட்டது. மரம் இருந்த இடத்தில் வெயில் வழித்துப் பூசினதுபோலக் கிடந்தது. அறுத்த கட்டை வெள்ளையாக மின்னியது, சுற்றியிருந்த மண்ணில் ஈரம் காய ஆரம்பித்திருந்தது. நட்ட கன்று நிழல் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த மண்ணில் நேர் வெயில் விழுந்ததே இல்லை. அவர் உள்ளே போனார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி வெளியே வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து கட்டையோடு ஒட்டிப் போட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் நிழல் கட்டைமேல் விழுந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மனிதர் அரைப் பைத்தியமாகிவிட்டார் என்று யாராவது சொல்லியிருக்கலாம், சொல்வதற்குத்தான் லயத்தில் ஆளில்லை. ரோசம்மா மட்டும் ஒரு தடவை "அண்ணே, வெயில்ல என்னா செய்றீங்க, தலை சுத்திரப்போவுது" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். "சும்மாதாம்மா" என்றார். சமையற்கட்டு இப்போது காலை பத்து மணிக்கே வெந்தது. சுரேன் ஏர்கோன் மாட்டித் தருவதாகச் சொன்னான். ஆனாலும் மத்தியானம் தவறாமல் வந்து சாப்பிட்டான். மீனை நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டான். அந்த ஒரு மாதம் ஜெயபாலன் தன் கணக்குச் சரிதான் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் சுரேன் மத்தியானம் வராமல் நாலு மணிக்கு வந்தான். வேலியோரமாகக் கிட்டத்தட்ட ஓடிவந்தான்.

"அப்பா, நல்ல சேதி." மூச்சு வாங்கினான். "நம்ம கரண்டு வாங்குறவங்களே கூப்புட்டுட்டாங்க. டேட்டா சென்டருலயே வேல, ஜொகூர்ல. எஞ்சினியர் கிரேடு. எந்த சைட்டுலயும் இல்லாத மாதிரி நம்ம சைட்டுல எல்லா வரிசையும் ஃபுல்லா ஓடுதாம். மிஸ்டர் லோவே என் பேர சொல்லிட்டாரு. அடுத்த மாசம் போவணும். தினேசுக்கு அங்கேயே நல்ல ஆஸ்பத்திரி பாத்துட்டேன்."

ஜெயபாலன் நாற்காலியிலிருந்து எழவில்லை. "நல்லதுடா" என்றார். இன்னொரு தடவை சொன்னார். "ரொம்ப நல்லது. தினேசு என்னா சொல்லுது?"

"மொதல்ல அழுதா. இங்க பெத்துக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தால்ல. இப்ப சரின்னுட்டா. அப்பா, நீங்களும் வந்துருங்க. மூணு ரூம்பு வீடு."

"நான் எதுக்குடா. நீங்க சின்னஞ்சிறுசுங்க."

"என்னாப்பா இது, கொளுத்துற வெயில்ல உக்காந்துக்கிட்டு. மொகமெல்லாம் கருத்துப்போயிருக்கு. தனியா என்னா செய்யப்போறீங்க? லயமே காலியாயிருச்சி. அம்மாவும் இல்ல. அந்த மரங்கூட இல்ல. இங்க ஒங்களுக்கு இனிமே யாருப்பா இருக்கா?"

சொல்லக்கூடாது என்றுதான் அவர் இருந்தார். பிள்ளை பிறக்கிறவரை சொல்லக்கூடாது. பிறந்த பிறகும் சொல்வதற்கு என்ன அவசியம் என்றும் நினைத்திருந்தார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஒங்கக்கா இருக்காடா."

சுரேனுக்குப் புரியவில்லை. வெயில் அப்பாவின் தலைக்கு ஏறிவிட்டது என்று பயந்துபோய் அவர் நெற்றியில் கை வைத்தான். ஜெயபாலன் அந்தக் கையை மெல்ல எடுத்து, கீழே, தன் நிழல் விழுந்திருந்த இடத்தைக் காட்டினார்.

"ஒனக்கு மூத்தவ. ஒரு ராத்திரிதான் இருந்தா. நான்தான் வெச்சேன், இங்க. மேல மரத்த நட்டேன். பன்னி நோண்டக்கூடாதுன்னு." குனிந்து கட்டையோரத்து மண்ணைத் தொட்டார். "இத்தன வருசமா அவமேல வெயில் பட்டதில்ல. அதான் உக்காந்திருக்கேன்."

சுரேன் கட்டையைப் பார்த்தான். அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் முழு வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்த தன் தட்டுகளைப் பார்த்தான். மறுபடி கட்டையைப் பார்த்தான். அவன் சட்டைப்பையில் கைத்தொலைபேசி அடித்து ஓய்ந்தது.

"தினேசுகிட்ட சொல்லிராத" என்றார் ஜெயபாலன். "நல்லபடியா பெத்துப் பொழச்சி வரட்டும். நீ போயிட்டு வா. நல்ல வேல, விட்டுராத. நான் இங்க இருந்துக்குவேன்."

பேசிக்கொண்டிருந்ததில் வெயில் நகர்ந்துவிட்டது. நிழல் விலகி, கட்டையின் ஒரு ஓரத்தில் வெளிச்சம் ஏறியிருந்தது. ஜெயபாலன் அதைக் கவனித்து, நாற்காலியை நகர்த்துவதற்காக முழங்காலில் கையூன்றி எழுந்தார். சுரேன் அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தான். பிறகு வெயில் வருகிற பக்கமாகப் போய், அவருக்குப் பின்னால் நின்றுகொண்டான். அவன் நல்ல உயரம். அவன் நிழல் அப்பாவையும் தாண்டி விழுந்து கட்டை முழுவதையும் மூடியது. வெயில் இறங்குகிறவரை அவன் அங்கிருந்து அசையவில்லை.